வெள்ளணுக்களை எண்ணினால் மட்டும் போதுமா?

2021 மே மாதத்தில் பெங்களூர் சிவாஜிநகரிலுள்ள பௌரிங் மருத்துவமனை கருப்புப் பூஞ்சை நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அந்நாள்களில் பொதுவெளியில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவை மூன்று: துவைக்காத முகக்கவசம், குளிர்பதனப் பெட்டியில் கிடந்த வெங்காயம், ஆக்சிஜன் குடுவையின் நீர். உயிரியல் கற்றவர்களுள்ளும் பலர் இந்தப் பட்டியலை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டனர். நோய் எதிர்ப்பாற்றலைக் கற்பிக்கும் துறைக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு இருக்க முடியாது.

பெயரே பிழையானது. மியூகோர்மைகோசிஸ் நோயை உண்டாக்கும் ரைசோபஸ் முதலிய பூஞ்சைகளின் இழைகளில் கருநிறம் இல்லை. இழைகள் இரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைப்பை உண்டாக்க, குருதி கிடைக்காத திசு மடிந்து கறுக்கிறது. மடிந்த சதையின் நிறத்தைப் பூஞ்சையின் மேல் ஏற்றிய கணத்திலேயே, கவனம் நோயாளியின் உடலிலிருந்து விலகி வெளிப்புற அழுக்கின்பால் சென்றுவிட்டது.

பௌரிங்கிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ரஸ்ஸல் மார்க்கெட் இருக்கிறது. கனிகளும் காய்களும் குவியும் இடத்தில் அழுகலும் இருக்கும். அழுகலில் ரைசோபஸ் வளரும். அதன் வித்துகள் காற்றில் மிதக்கும். வித்துகள் மட்டுமே நோய்க்குப் போதுமான காரணமாயின், முதலில் படுக்கையில் விழுந்திருக்க வேண்டியவர்கள் அங்குள்ள பழ வணிகர்களும் மூட்டை தூக்குவோரும்தாம். அவ்வாறு நிகழவில்லை. பூஞ்சை வித்துகளைச் சுவாசிக்காத மனிதர் இவ்வுலகில் இல்லை. சுவாசித்தவருள் மிகச் சிலரே நோயுறுவது ஏன் என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா.

அதற்கான விடை மிகப் பழையது. 1884இல் மெச்னிகாஃப் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரில் கண்டது இதைத்தான். ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் அதன் குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் புகுந்தன. இரத்த அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கின. விழுங்கல் முந்தினால் தெள்ளு பிழைத்தது. வித்து முளைத்துப் பெருகுவது முந்தினால் தெள்ளு மாண்டது. வெள்ளணுக்களின் விழுங்கலைப் பற்றிய கோட்பாடு பூஞ்சை வித்தைக் கொண்டே நிறுவப்பட்டது என்பதை எத்தனை வகுப்பறைகளில் சொல்கிறார்கள்? பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் அத்தியாயங்களை வாரி வழங்கிவிட்டுப் பூஞ்சைக்குக் கடைசிப் பக்கங்களை ஒதுக்கும் பாடத்திட்டத்தில் இதற்கு இடமேது?

மனித உடலிலும் அதே பந்தயந்தான் நடக்கிறது. உறங்கும் வித்துகள் எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் வித்தின் மேல் நீர் ஒட்டாத புரத உறை ஒன்று படர்ந்திருக்கிறது. அது எதிர்ப்பாற்றலின் கண்ணிலிருந்து வித்தை மறைக்கிறது. வித்து நீரை உறிஞ்சிப் பருக்கும்போதுதான் உறை கிழிந்து, உள்ளிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வெளிப்படுகின்றன. ரைசோபஸின் சூழ்ச்சி வேறு. மேக்ரோபேஜ்கள் அதன் வித்தை விழுங்கிவிடும். ஆனால் கொல்வது கடினம். இரும்புச்சத்தை மறுத்து, முளைக்கவிடாமல் சிறைப்படுத்தி வைப்பதே அவை பெரும்பாலும் செய்யும் பணி. சிறை உடைந்து இழை நீண்டால், நியூட்ரோபில்கள் விரைந்து வந்து அதைச் சிதைக்க வேண்டும்.

இவ்விரு காவல்களும் எங்கே தளர்கின்றன என்பது கோவிட் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ அறியப்பட்ட செய்தி. 1982இல் சின், டயமண்ட் இருவரும் மனித நியூட்ரோபில்களை ரைசோபஸ் இழைகளோடு சேர்த்து ஆராய்ந்து, மிகைச் சர்க்கரையும் கீட்டோன் அமிலமும் அவற்றின் நகர்வையும் தாக்குதலையும் தளர்த்துவதைக் காட்டினர். 1984இல் வால்டார்ஃபும் உடன் ஆய்வாளர்களும், நலமான எலியின் நுரையீரல் மேக்ரோபேஜ்கள் வித்து முளைப்பதைத் தடுப்பதையும், நீரிழிவுற்ற எலியின் மேக்ரோபேஜ்கள் அதில் தவறுவதையும் காட்டினர். இரத்தம் அமிலமானால் டிரான்ஸ்ஃபெரின் புரதம் தன் பிடியிலுள்ள இரும்பை நழுவவிடுகிறது. சிறையில் மறுக்கப்பட்ட உணவு குருதியில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஸ்டீராய்டின் செயலோ இன்னும் நுட்பமானது. மருத்துவ அறிக்கையையே ஏமாற்றவல்லது. இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை அது விடுவித்துக் குருதியோட்டத்தில் மிதக்கவிடுகிறது. பரிசோதனைத் தாளில் வெள்ளணு எண்ணிக்கை உயர்கிறது. ஆனால் சுவரில் ஒட்டாத அணு, சுவரைக் கடந்து மூக்கின் திசுவுக்குள் எவ்வாறு இறங்கும்? தாளில் படை பெருகும்போதே களத்தில் படை குறைகிறது. எண்ணிக்கையைக் கண்டு மனநிறைவு கொள்ளும் பழக்கம் இந்த இடத்தில் உயிரையே பறிக்கக்கூடும்.

2021 ஜூன் 28 அன்று ஒன்றிய நலவாழ்வு அமைச்சர் வெளியிட்ட கணக்கில் நாடெங்கும் நோயுற்றோர் 40,845 பேர். இறந்தோர் 3,129 பேர். நோயுற்றோருள் 26,187 பேருக்கு நீரிழிவு. 21,523 பேர் ஸ்டீராய்டு பெற்றவர்கள். எஞ்சியோரைச் சுட்டி, இவ்விரண்டுமே காரணமல்ல என்று வாதிடுவோர் உண்டு. கோவிட் வைரஸே சர்க்கரையைக் குலைக்கிறது, இரும்புச் சேமிப்புப் புரதத்தை உயர்த்துகிறது என்பதும் மெய். ஆனால் அவையும் வெள்ளணுவின் பணியைக் குலைக்கும் வழிகளே. வெங்காயத்தின் பக்கம் எந்தச் சான்றையும் அவை சேர்க்கவில்லை.

ஸ்டீராய்டைப் பழிப்பதும் மற்றொரு மூடத்தனம். பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020இலேயே தெளிவாகச் சொன்னது: நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரை அது காத்தது; தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் தரவில்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, கோவிட்டோடு இந்நோயுற்ற 187 பேரிடையே முறையற்ற ஸ்டீராய்டுப் பயன்பாட்டைப் பதிவு செய்தது. இரண்டாம் அலை எழுவதற்கு முன்பே நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். இரண்டாம் அலையில் சீட்டு எழுதிய கைகளையும், வீட்டில் சர்க்கரை அளவு பார்க்காமல் மாத்திரை விழுங்கிய நாள்களையும் ஆராய்வது சங்கடமானது. முகக்கவசத்தைக் குறைசொல்வது எளிது. அதனால்தான் முகக்கவசம் மாட்டிக்கொண்டது.

‘எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ பொடிகளும் கஷாயங்களும் விற்பனையான அதே தெருக்களில், ஸ்டீராய்டு எடுப்பவர் நாள்தோறும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்னும் செய்திக்குக் குரல் கொடுப்பார் குறைவு. எதிர்ப்பாற்றல் என்பது பானையில் ஊற்றி நிரப்பும் நீரன்று. ஒரு குறிப்பிட்ட அணு, குறிப்பிட்ட இடத்துக்கு, வித்து முளைக்கும் முன் வந்துசேர்கிறதா என்பதே அங்கே கேள்வி.

உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் பட்டியலில் இவ்வகைப் பூஞ்சைகள் உயர் முன்னுரிமை பெற்றன. பல்கலைக்கழகங்கள் அதைச் சுவரொட்டியாக்கி மாட்டுவதில் பயனில்லை. இளநிலை ஆய்வகத்தில் இன்றும் மாணவர் கண்ணாடித் தகட்டில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணிவிட்டு எழுந்து செல்கிறார். தீங்கற்ற ஈஸ்டை அதே குருதித் துளியோடு சேர்த்து, அரைமணி நேரம் உடல் வெப்பத்தில் வைத்து, எத்தனை அணுக்கள் விழுங்கின என்று பார்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சர்க்கரை மிகுந்த கரைசலில் அதையே மீண்டும் செய்து ஒப்பிடவும் ஒரு பிற்பகல் போதும். பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு செய்முறையைச் சேர்க்கட்டும்.