சில உடை, பல கோலம்: எளிமையா, இல்லாமையா?

சில உடைகளையே மாற்றி மாற்றிச் சேர்த்து அணிந்து பல கோலங்களை ஆக்கிக் கொள்ளலாம் என்னும் போதனை, கற்ற மத்தியதர வர்க்கத்தினரிடையே ஒரு நாகரிகக் கொள்கையாகவே பரவி வருகின்றது. 3 பாவாடைகளும் 4 மேற்சட்டைகளும் இருந்தால் 12 சோடிகள். அவற்றோடு 2 சால்வைகளை மாறிமாறிச் சேர்த்தால் 24. இக்கணக்கில் பிழையில்லை. ஆனால் இதனைப் புதியதொரு கண்டுபிடிப்பாகப் பறைசாற்றுவதிலும், இல்லாதவனுக்கு உபதேசமாக ஓதுவதிலும் பெரும் பிழையுண்டு.

இக்கொள்கை மேலைத்தேயத்திலிருந்து வந்தது. அங்கு அது பிறந்த கதையே ஒரு பாடமாகும். இரண்டாம் உலகப் போர் நடைபெற்ற வேளையில், 1941 ஜூனில் பிரித்தானிய அரசு உடைகளுக்குப் பங்கீட்டு முறையைக் கொணர்ந்தது. இருப்பதைத் தைத்தும் திருத்தியும் உடுத்துமாறு மக்களிடம் பிரசாரம் செய்தது. போர் முடிந்தது; பங்கீடும் நீங்கியது. 1970களில் சூசி ஃபோ என்னும் பெண்மணி இலண்டனில் தம் கடையின் வாயிலாக, அளவான உடைத்தொகுதி என்னும் கருத்தைப் பரப்பினார். 1985இல் நியூயோர்க் நகரின் டொனா கரன் 7 உடைகள் கொண்ட தொகுதியொன்றை விற்பனைக்கு விட்டார். பற்றாக்குறை கற்பித்த வழக்கம் அரை நூற்றாண்டுக்குள் விலைச்சரக்காகிவிட்டது. மலை மலையாக உடைகளை விற்ற அதே வாணிபம், பின்னர் குறைவாக உடுத்தும் கலையையும் விற்கத் தலைப்பட்டது.

இக்கலையை எவரிடமும் விலைகொடுத்துக் கற்காதவர்கள் ஊவாவின் தோட்டங்களில் வாழ்கின்றனர். 2,036 மீற்றர் உயரமுடைய நமுனுகுல மலையின் சரிவுகளிலும், பசறை, தெமோதரை, பதுளை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடைகளை நோக்குக. தீபாவளிக்கு எடுத்த புடைவை முதலில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உரியது. நிறம் மங்கியதும் பதுளைச் சந்தைக்கும் ஆசுபத்திரிக்கும் உரியதாகின்றது. கரை நைந்ததும் மலைக்குப் போகின்றது. அங்கே அதன்மேல் கணவனின் பழைய நீண்டகைச் சட்டையும், இடுப்பைச் சுற்றிய படங்கும், தலையில் முக்காடும் சேர்கின்றன. அதற்கும் ஆகாதபோது குழந்தையின் தொட்டிலாகின்றது. ஈற்றில் அடுப்பங்கரையில் கைப்பிடித் துணியாகின்றது. ஒரு புடைவை இத்தனை பிறவி எடுப்பது எந்த அலங்கார நூலிலும் எழுதப்படவில்லை.

ஆயினும், இத்திறமையைக் கண்டு வியந்து, 'எவ்வளவு எளிமை, எவ்வளவு சிக்கனம்' எனப் பாராட்டிவிட்டு அகல்வது நேர்மையாகாது. ஏனெனில், அந்தப் பெருக்கற் கணக்கு மறைக்கும் கணக்கொன்று உண்டு. அது துணி உலரும் கணக்கு. 3 பாவாடைகளையும் 4 சட்டைகளையும் எத்தனை விதமாகச் சேர்த்தாலும் மொத்த உடுப்பு 7 தான். சோடிகள் பெருகுவதால் துணி பெருகுவதில்லை. ஒவ்வொரு துணியும் அடிக்கடி தோயும், அடிக்கடி தேயும். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வீசும் வரண்ட காற்று தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகின்றது, துணியையும் உலர்த்திவிடுகின்றது. ஆனால் ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் நிலைமை வேறு. மலையில் நனைந்த உடையை லயத்து அறையின் அடுப்புக்கு மேல் கொடிகட்டித் தொங்கவிட வேண்டும். காலையில் அது பாதி ஈரமும் முழுப் புகைநாற்றமுமாக உடலில் ஏறும். பன்னிரண்டு கோலம் எனக் கணக்கிடுவோர், உலர்ந்த உடை இரண்டேனும் உண்டா என்று கேட்பதில்லை.

அலுமாரி நிறைய உடைகளை வைத்துக்கொண்டு அவற்றுட் சிலவற்றைத் தெரிந்தெடுப்பவர் செய்வது எளிமை. அது வரவேற்கத்தக்கதே. தேவைக்கு மேல் உடை வாங்கிக் குப்பையிற் கொட்டும் இக்காலத்தில் அவ்வறிவுரை உரியவரைச் சென்றடைதல் நன்று. தெரிந்தெடுக்க எதுவுமின்றி உள்ளதை உடுப்பவரிடம் காணப்படுவதோ இல்லாமை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோற் காணப்படலாம். ஒன்றில் மனிதனின் விருப்பம் உண்டு. மற்றதில் அவ்விருப்பமே பறிக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் காந்தியடிகளை மேற்கோளாகக் கொண்டு வருவோர் உளர். அரையாடையில் பெருமை காணவில்லையா என அவர்கள் வினவுவர். இலண்டனில் சட்டம் பயின்று மேனாட்டு உடை தரித்த அவர், 1921 செப்டெம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறியது தாமே மேற்கொண்ட விரதம். ஏழைக்குத் துணி இல்லாமை அவருக்கு அழகாகத் தோன்றவில்லை. பொறுக்க முடியாத அவலமாகவே தோன்றியது. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து பதுளையிலும் உரையாற்றிய அவர், அப்பயணத்தில் கதர் நிதி திரட்டினார். நூற்பவளுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதே அந்நிதியின் நோக்கம். குறைந்த துணியோடு வாழும் அழகை அவளுக்குப் போதிப்பதன்று. அவரது அரையாடையைக் காட்டிப் பிறரது இல்லாமையை நியாயப்படுத்துவோர், அவர் பெயரை மட்டுமே அறிந்தவர்.

உடைப் பிரச்சினை சம்பளப் பிரச்சினையே. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியது 2021இல்; அதற்கு முன் பல்லாண்டுக் காலப் போராட்டம் நிகழ்ந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. பெண்ணின் உழைப்புக்கு ஆணுக்கு நிகரான சம்பளம் கிடைத்ததே 1984இல் தான். ஒரு நல்ல புடைவையின் விலையை இந்நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்ப்பவருக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. பண்டிகைப் புத்தாடையோ பெரும்பாலும் தீபாவளி முற்பணத்தில் வருவது. முற்பணம் என்பது கொடையன்று, கடன்; பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படும். அக்காலத்தில் கம்பளியின் விலையும் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. கங்காணிமாரின் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் உடுத்தும் துணி கடனாக வரும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

மற்றொரு முரண்பாடும் உண்டு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. காலப்போக்கில் தேயிலையை விஞ்சி ஆடையே நாட்டின் முதன்மை ஏற்றுமதியாயிற்று. மலையகத்து யுவதிகளும் அத்தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். தாய் பறித்த கொழுந்தும் மகள் தைத்த சட்டையும் கப்பலேறி ஒரே சந்தைக்குச் செல்கின்றன. உலகை உடுத்தும் கைகளுக்கு, 'குறைவாக உடுத்து' என்னும் போதனை திரும்பி வருகின்றது!

பல்கலைக்கழகச் சமூகமும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. விரிவுரை மண்டபத்தில் சமத்துவம் பேசுவோர், ஒரே பாவாடை வாரத்தில் இருமுறை வந்தால் கண்சாடை காட்டுகின்றனர். விழா வந்தால், மேடையேறும் மாணவியர் யாவரும் ஒரே நிறப் புடைவை வாங்கவேண்டும் என்று சங்கங்கள் விதிப்பதுண்டு. ஒருநாட் காட்சிக்காக வாங்கும் அப்புடைவையின் விலை, தோட்டத்திலிருந்து வந்த மாணவியின் வீட்டில் எத்தனை நாட் கூலி என்பதைத் தீர்மானம் நிறைவேற்றுவோர் எண்ணுவதில்லை. 'வசதியில்லாதவர் சொன்னால் உதவலாமே' என்பது மறுமொழி. தன் இல்லாமையைச் செயற்குழுவின் முன் அறிக்கையிட்டால் தான் மேடை கிடைக்குமாயின், அந்த மேடையில் பாடப்படும் தமிழ் வாழ்த்துக்குப் பொருள் என்ன?

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவானவை. விழாக்களுக்குப் புதுப்புடைவை விதிக்கும் வழக்கத்தைத் தமிழ்ச் சங்கங்கள் கைவிட வேண்டும்; கையிலுள்ள உடையோடு எவரும் மேடையேறலாம் என விதி செய்யவேண்டும். படங்கும் மழையங்கியும் தொழிலாளியின் சொந்த ஆடையல்ல. கவ்வாத்துக் கத்தியைப் போலத் தொழிற்கருவிகள். அவற்றை வழங்குவது தோட்ட நிருவாகத்தின் கடமையாதல் வேண்டும். பண்டிகைக்காலக் கொடுப்பனவு கடனாக அன்றி உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். கொழுந்து பறிப்பவளின் கையில் போதிய கூலி சேரட்டும். அதன்பின் அவள் நான்கு புடைவை போதுமென்றாலும் நாற்பது வேண்டுமென்றாலும் அது அவளது விருப்பம். அதுவரை அவளுக்குச் சிக்கனம் போதிக்கும் தகுதி எவருக்கும் இல்லை.