முதல் பந்தி யாருக்கு?

காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியில் என் அத்தை வீடு. சென்ற வாரம் போயிருந்தேன். திண்ணையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அத்தையின் பேத்தி சென்னையில் உத்தியோகம் பார்க்கிறாள். வேலை நிமித்தம் அடிக்கடி விமானத்தில் பறப்பவள். போன மாதம் மானேஜரோடும், கம்பெனியின் முக்கிய வாடிக்கைக்காரரோடும் சிங்கப்பூர் புறப்பட்டாள். அடிக்கடி பறப்பவள் என்பதால் அவளுக்கு மட்டும் உயர்ந்த வகுப்பில் இலவசமாக இடம் கிடைத்தது. சந்தோஷமாக முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். இறங்கியதும், "நன்றாகத் தூங்கினீர்களா?" என்றார் வாடிக்கைக்காரர். அவ்வளவுதான். அடுத்த பயணத்துக்கு மானேஜர் வேறொருவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்!

"நானா கேட்டு வாங்கினேன்? இதில் என்ன தப்பு?" என்று கண் கலங்கினாள் பெண்.

அத்தை வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்: "கல்யாணத்திலே முதல் பந்திக்கு இலை போட்டதும் பெண் வீட்டுக்காரர் ஓடிப்போய் உட்காருவாரா? சம்பந்தியை உட்கார வச்சுட்டு, பரிமாறுறதைப் பார்த்துக்கிட்டு நிற்பார்."

இதற்கு மேல் சாஸ்திரம் எதற்கு? விமானத்தில் இடம் நம் பெயருக்குத்தான். சீட்டை நாமாகக் கை மாற்றிவிட முடியாது. ஆனால், "இதை அவருக்குத் தர முடியுமா?" என்று கௌண்ட்டரில் கேட்கலாம். முடியாது என்றால், வந்த விருந்தாளியிடம் விஷயத்தைச் சொல்லலாம். அவர் மனசாரப் போகச் சொன்னால் போகலாம். வழியில் பேசி முடிக்க வேண்டிய வேலை இருந்தால், அவர் பக்கத்திலேயே இருந்துவிடுவது உத்தமம். எப்படிப் போனாலும், முன்னால் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசியை இறங்கியபின் வர்ணிக்கக் கூடாது!

நம் ரயில்வே இந்தச் சங்கடத்துக்கே இடம் வைக்கவில்லை. மேல் வகுப்பில் காலி இடமிருந்தால், முழுக் கட்டணம் செலுத்தியவர்களைக் கூடுதல் பணமின்றி அங்கே மாற்றும் திட்டம் 2006-ல் வந்தது. அதில் ஒரே டிக்கெட்டில் பெயருள்ள அத்தனை பேருக்கும் இடம் உயரும்; இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. கணவன் ஏ.ஸி.யிலும் மனைவி மக்கள் வேறு பெட்டியிலும் போக நேராது.

பேத்தி சும்மா விடவில்லை. "நான் மரியாதைக்குக் கேட்டு, அவர் 'சரி'ன்னு போய் உட்கார்ந்துட்டா, பாட்டி?"

"உட்காரட்டுமே! நீ ரெண்டாம் பந்தியிலே சாப்பிடு. முன்னாலே உட்கார்ந்தவர் மட்டும் முந்திக்கிட்டா சிங்கப்பூர் போய்ச் சேரப் போறார்?" என்றாள் அத்தை.