ஓப்பனிங் ஸ்டாக், குளோசிங் ஸ்டாக்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். (எழுதிப் பிழைக்கிறவனுக்கு மாசக் கடைசியில் அக்கா வீடுதான் மெஸ்.) ஏழாவது படிக்கும் அக்கா பெண், சோபாவில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சோஷியல் டெஸ்ட். அடிப்படை உரிமைகள்!

"சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை..."

ஆறும் அட்சரம் பிசகவில்லை. "ஏழாவதா சொத்துரிமை இருந்துச்சு மாமா. 1978-ல 44-வது திருத்தத்துல எடுத்துட்டாங்க" என்று போனஸ் வேறு. எடுத்தால் எடுக்கட்டும். என் சொத்து ஒரு பழைய டி.வி.எஸ். 50. அதுவும் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும்.

"சரிம்மா, ஸ்கூல்ல உனக்கு என்ன உரிமை இருக்கு?"

ஒரு மாதிரி பார்த்தாள். "ஸ்கூல்ல ஏது மாமா உரிமை? ரூல்ஸ்தான்."

அதற்குள் அக்கா, அவள் பையிலிருந்து வாட்டர் பாட்டிலை எடுத்து சிங்க்கில் கவிழ்த்தாள். முழுசாக ஒரு லிட்டர். "பாருடா, காலையில ரொப்பி அனுப்பறேன். சாயந்தரம் அப்படியே வருது."

நான் பி.காம். ஓப்பனிங் ஸ்டாக்கும் குளோசிங் ஸ்டாக்கும் தினம் ஒரே மாதிரி இருந்தால், எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். மெதுவாக விசாரித்தேன்.

"குடிச்சா பாத்ரூம் வரும் மாமா. கிளாஸ் நடுவுல கேட்டா, 'இன்டர்வெல்ல என்ன கிழிச்சே?'ன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. இன்டர்வெல்ல பெரிய க்யூ. அதனால நாங்க அஞ்சாறு பேர் தண்ணியே குடிக்கறதில்லை."

ஏதோ புத்திசாலித்தனமான ஐடியாவைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டை வறண்டது. யூரினரி இன்ஃபெக்‌ஷனுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது.

2009-ல் கொண்டுவந்து 2010 ஏப்ரல் 1 முதல் அமலான கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடத்தில் குடிநீர் வேண்டும், பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. அதன் 17-வது பிரிவு, பிரம்பை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. எல்லாம் சரி. கட்டிய கழிப்பறைக்குப் போக சுண்டுவிரலைத் தூக்க வேண்டுமே! அங்கேதான் சட்டம் வாசலில் நின்றுவிடுகிறது. கேரளாவில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடித்தார்கள். யோசித்தால், அதுகூட ஓர் உரிமைப் பிரகடனம்தான்.

"1098 தெரியுமா?"

"தெரியுமே. பத்து ஒன்பது எட்டு. அது யாராச்சும் கடத்திட்டுப் போனா போடறது. பாத்ரூமுக்கா மாமா போன் பண்ணுவாங்க?"

சிரிக்காதீர்கள் ஸார். கேஷுவல் லீவ் நமக்கு உள்ளதுதான். ஆனாலும் ஒரு பாட்டியைச் சாகடித்துவிட்டுத்தானே மேனேஜர் ரூமுக்குள் நுழைகிறோம்?

வீராவேசமாக பேப்பர், பேனா எடுத்தேன். "மிஸ்ஸுக்கு நான் ஒரு லெட்டர் எழுதறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் மாமா, ப்ளீஸ். யார் சொன்னதுன்னு தெரிஞ்சிடும்."

ஆறு உரிமைகளையும் அட்சரம் பிசகாமல் சொன்ன அதே வாய். பேனாவை மூடிவிட்டேன்.

அக்கா வேறு வழியில் போனாள். பிள்ளைகளை அழைத்துவரும் இடத்தில் மற்ற அம்மாக்களிடம் விசாரித்திருக்கிறாள். அவர்கள் வீட்டு பாட்டில்களும் முழுசாகத்தான் திரும்புகின்றனவாம். சனிக்கிழமை நாலு பேராகச் சேர்ந்து போனார்கள். கிளாஸ் டீச்சர் சண்டை போடவில்லை. "என் கதையும் அதான் மேடம். நானும் மூணு பீரியடு தொடர்ந்து நின்னுட்டு அடக்கிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாராம். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அவரே கூட வந்தாராம்.

திங்கட்கிழமை சாயந்தரம் போன் போட்டேன். டெஸ்ட்டில் அஞ்சுக்கு அஞ்சு என்றாள்.

"அது கிடக்கட்டும். பாட்டில்?"

"பாதி குடிச்சேன் மாமா."