உறைந்த கோழியும் உறங்கும் கிருமியும்

விருந்தினர் திண்ணையில் வந்து அமர்ந்த பிறகே கொல்லைப்புறத்தில் கோழியைத் துரத்திப் பிடிப்பது நம் கிராமங்களின் பழைய வழக்கம். அறுத்த கோழி ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும். பச்சைக் கறியைச் சேமித்து வைப்பதெப்படி என்று யோசிக்க வேண்டிய அவசியமே நம் பாட்டிமாருக்கு நேர்ந்ததில்லை. கத்திக்கும் அடுப்பிற்கும் இடையே அதிக நேரம் கழியாததே அவர்களுக்குத் தக்க பாதுகாப்பாய் இருந்தது.

இன்றோ அந்த இடைவெளி நாட்கணக்கில் நீண்டுவிட்டது. ஏரியை நம்பியிருந்த பிள்ளைப்பாக்கத்தில் இப்பொழுது சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. குளிர்ப்பெட்டிகளே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உற்பத்தியாகின்றன. புருஷனும் மனைவியும் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்லும் வீடுகளில், ஞாயிறன்று வாங்கிய கோழிக்கறியைப் பிரீசரில் வைத்து வாரத்தின் நடுவே சமைப்பது சகஜமாகிவிட்டது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் கறி மாதக்கணக்கில் கெடாது. வெளியே எடுக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

காலை ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில், கல்லாய் உறைந்த கறியை அடுக்களை மேடையில் எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்கிறார்கள். மாலையில் திரும்பும்போது அது இளகித் தயாராக இருக்கும் என்பது எண்ணம். கறி மட்டுமா தயாராக இருக்கிறது? உறையவைப்பதால் கிருமிகள் செத்துப்போவதில்லை, உறங்குகின்றன. நடுப்பாகம் பனிக்கட்டியாய் இருக்கும்போதே மேற்பாகம் இளகிவிடுகிறது; அங்கே அவை விழித்தெழுகின்றன. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணம் அவற்றிற்கு உகந்தது. சால்மொனெல்லா என்னும் கிருமி சாதகமான நிலையில் சுமார் 20 நிமிஷத்திற்கொருமுறை இரட்டிக்க வல்லது. அப்படி இரட்டித்தால் ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்திற்கு மேலாகிவிடும். பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான்.

“நன்றாகக் கொதிக்கவைத்தால் தீர்ந்தது” என்பார்கள். கறியின் நடுப்பாகம் 75 டிகிரி உஷ்ணத்தை எட்டினால் சால்மொனெல்லா சாகும் என்பது உண்மையே. ஆனால் வேறு சில கிருமிகள் கறியில் விட்டுச் செல்லும் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை. மேடையில் வடிந்த நீர், பச்சையாய்த் தின்னும் வெங்காயத்திலும் கொத்துமல்லியிலும் பட்டால் அதற்குக் கொதி ஏது?

2023 செப்டம்பரில், கோழி வளர்ப்பிற்குப் பேர்போன நாமக்கல்லில், ஓர் உணவு விடுதியின் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி உயிர் துறந்தாள்; அங்கே உண்ட வேறு பலரும் சிகிச்சை பெற்றனர். உடனே மாநிலமெங்கும் அதிகாரிகள் உணவு விடுதிகளைச் சோதித்தார்கள். நம் வீட்டு அடுக்களைக்குச் சோதனை செய்ய வரும் அதிகாரி யார்? நாமேதான்.

செய்யவேண்டியதோ வெகு சொற்பம். சமைப்பதற்கு முந்தின இரவே கறியைப் பிரீசரிலிருந்து எடுத்து, மூடிய பாத்திரத்தில் இட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும்; மேல்தட்டில் வைத்தால் நீர் மற்றப் பண்டங்களின்மேல் சொட்டும். 2 கிலோ முழுக்கோழி இளக ஏறக்குறைய ஒருநாள் பிடிக்கும். அரைக்கிலோப் பொட்டலம் மறுநாள் சமையலுக்கு ஆகிவிடும். இளகிய கறியை ஓரிரு நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும்.

அவசரமானால், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கொருமுறை நீரை மாற்றலாம். அரைக்கிலோ சுமார் ஒருமணி நேரத்தில் இளகும். உடனே அடுப்பேற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீர் என்பதை மறவாமல், பனிக்கட்டி சேர்த்துக்கொள்வது நலம். அதற்கும் நேரமில்லையேல், சிறு துண்டுகளை உறைந்தபடியே குழம்பிலிடலாம். வேக ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், அவ்வளவே.

குழாயடியில் வைத்துக் கறியை அலசினால் கிருமிகள் நாற்புறமும் தெறிக்கும். கழுவாமல் மனம் ஒப்பாதவர்கள் பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பின்பு அவ்விடத்தையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மஞ்சள் நல்ல பொருளே. ஆயினும் காலைமுதல் வெளியில் கிடந்த கறியை அது மீட்டுத் தராது. அத்தகைய கறியை எறிந்துவிடுவதே சிக்கனம். வைத்தியச் செலவு கறியின் விலையைவிடப் பெரிது.

இது பெண்களின் பொறுப்பு மட்டும் என்று புருஷர்கள் இருந்துவிடலாகாது. இரவு யார் கடைசியில் விளக்கை அணைக்கிறார்களோ, அவர்களே பொட்டலத்தை மேலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றட்டும். ஒரு நிமிஷ வேலைதான்.