மலைநாட்டில் ஒடியற்கூழ்



1995 இடப்பெயர்வுக்குப் பின் நான் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தவள். இந்த ஊரூடாகச் செல்லும் ஏ-9 வீதியைத்தான் யாழ்ப்பாணத்தில் ‘கண்டி வீதி’ என்கிறோம். வீதி ஒன்றுதான். ஆனால் இங்கே, மகாவலிக் கரையில், பனை இல்லை. பனை இல்லாத இடத்தில் ஒடியற்கூழுக்கு எங்கே போவது?

2002 ஏப்ரலில் பாதை திறந்தபோது ஊருக்குப் போய் வந்தவர்களின் பைகளில் ஒடியல் மாவும் வந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டதும் அதுவும் நின்றது. அரிசி மாவில் காய்ச்சிப் பார்த்தோம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “இது கஞ்சி, பிள்ளை” என்றார்.

போர் முடிந்து பாதை திறந்த பிறகு மா வரத் தொடங்கியது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. இங்கே வளர்ந்த எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அந்த மாவை என்ன செய்வதென்று தெரியாது.

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதை அப்படியே தின்னலாம். பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அதில் கசப்பு உண்டு. ஆகவே மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட வேண்டும். இதைத் தவிர்க்க வேண்டாம். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் அவிந்த பின், மாவையும் புளியையும் அரைத்த செத்தல் மிளகாயையும் கரைத்து விட்டுத் துழாவுங்கள்.

“கடற்கரை மீன் இல்லை, அசல் கூழ் ஆகுமா?” என்று ஒரு சகோதரி கேட்டார். செத்தல் மிளகாய் மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தது. மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டையும் நம் பாட்டிமார் கூழுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியிருக்க, ஐஸ் போட்டு வரும் மீனாலும் கண்டிப் பலாக்கொட்டையாலும் கூழ் கெட்டுவிடாது. ஒடியல் மா மட்டும் மாறக்கூடாது.

பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களில் மாவைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குப் போகிறவர்களிடம் ஒடியலாகவே வாங்கிவரச் சொல்லி, வீட்டில் இடித்து அரித்தும் எடுக்கலாம்.

போரில் பதுங்கு குழிகளுக்காக எத்தனையோ பனைகளைத் தறித்தார்கள். வடலிகளை மறுபடி நடலாம். ஆனால் ஒரு மூதாட்டியோடு போகும் கைப்பக்குவத்தை யார் நடுவது? தாய் இருப்பவர்கள் இந்த மாதமே கேட்டு எழுதி வையுங்கள். தாயை இழந்தவர்கள் அயலிலுள்ள ஒரு பெரியம்மாவை அழைத்து, அவரைக் கொண்டே ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள். மகளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.