வண்டியில் ஏழு வயசுப் பிள்ளை

ஏழு வயசுப் பையனைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளினால் ரயில் நிலையத்தில் ஆளாளுக்கு அறிவுரை. "நல்லாத்தானே இருக்கான், இறக்கி நடக்க விடும்மா!" என் மகனுக்கு ஆட்டிசம். காலில் ஒரு குறையுமில்லை. ஒலிபெருக்கி அலறினால் காதைப் பொத்திக்கொண்டு, தண்டவாளம் இருக்கிற பக்கம் என்றுகூடப் பார்க்காமல் ஓடுவான். வண்டியில் பெல்ட்டைப் போட்டு, மேல்மூடியை இழுத்துவிட்டால் தனி அறை கிடைத்த மாதிரி அமைதியாகிவிடுவான். (அப்போது 'சமத்துப் பிள்ளை' என்று பாராட்டு வேறு!) 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே ஆட்டிசம் இருக்கிறது, பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

இதே நிலையில் உள்ள சகோதரிகளுக்கு: சாதாரண வண்டிகள் பலவும் 15 கிலோதான் தாங்கும், எடை பார்த்து வாங்குங்கள். மற்றவர்கள், படிக்கட்டில் திணறும்போது முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்களேன்!