வர்ணத்துக்கு முன் ஒரு மணி நேரம்

காரின் உடம்பு பளபளக்கும்; சக்கரம் மட்டும் சொறி பிடித்ததுபோல் இருக்கும். இந்திய நகரங்களில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நடைபாதைக் கல்லில் உரசிய காயம், பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூளின் கறுப்பு, மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்ததுபோல் பரவும் அரிப்பு. ஆசையாக வாங்கிய அலாய் வீல் சில வருடங்களில் இந்தக் கதிக்கு வந்துவிடுகிறது. சென்னை, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று காரியத்தை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. எஃகுச் சக்கரம், அதன்மேல் ஒரு மூடி, அவ்வளவுதான். அலுமினிய வார்ப்புச் சக்கரம் அப்போதே பழைய சங்கதி என்றாலும் அது பணக்காரச் சங்கதி. 1924இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்திலேயே புகாட்டியின் டைப் 35 கார்கள் அத்தகைய சக்கரங்களோடு ஓடின. இன்று சிறிய கார்களின் உயர்ரக மாடல்களிலும் கம்பெனியே அலாய் வீல் மாட்டித் தருகிறது.

அதை வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா? தாராளமாக முடியும். ஒரு ஜாக்கி, வீல் ஸ்பேனர், உப்புத்தாள், சில ஸ்பிரே டப்பாக்கள், இரண்டு நாள் பொறுமை. ஆனால் பெயின்ட் அடிப்பது இதில் சுலபமான பாதி. முக்கியமான பாதி, பழைய பெயின்டை எடுத்த பிறகு புதியதை அடிப்பதற்கு முன் உள்ள அந்த ஒரு மணி நேரம். சக்கரம் தன் உண்மையான நிலையைக் காட்டுவது அப்போது மட்டும்தான்.

பள்ளத்தில் விழுந்தால் எஃகுச் சக்கரம் பெரும்பாலும் நெளியும். வார்ப்பு அலுமினியம் நெளியலாம், விரிசலும் விடலாம். இந்தச் சக்கரங்களில் பெரும்பாலானவை சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தால் ஆனவை. வார்த்தபின் சுமார் 540 டிகிரி வரை சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடியும் சுமார் 150 டிகிரியில் சில மணி நேரம் பதப்படுத்துகிறார்கள். வலிமை இந்தப் பதத்தில்தான் இருக்கிறது. பட்டறையில் கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தினாலோ, விரிசலை வெல்டிங் செய்தாலோ அந்த இடத்தில் பதம் போய்விடும். பார்வைக்குச் சக்கரம் வட்டமாக இருக்கும். பலம் பழையபடி இருக்காது.

மேலே வெள்ளி நிறப் பூச்சு ஏறிவிட்டால் இதெல்லாம் தெரியாது. டெல்லியின் மாயாபுரி, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை என்று பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன இடங்கள் எத்தனையோ. அங்கே பழைய வீலை வாங்குகிறவர் பூச்சைத்தான் பார்க்கிறார், அடியில் உள்ள உலோகத்தை அல்ல. சொந்த வீலுக்குத் தானே பெயின்ட் அடிப்பவருக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு கிடைக்கிறது. அதை அவசரத்தில் வீணாக்குவது அபத்தம்.

எங்கே பார்க்க வேண்டும்? முன்பக்கத்தில் அல்ல. விரிசல் பெரும்பாலும் காரின் அடிப்புறத்தை நோக்கியிருக்கும் உள் விளிம்பில்தான் ஆரம்பிக்கும். அடுத்து, ஆரங்கள் வளையத்தோடு சேரும் இடங்கள், நட்டுத் துளைகளின் சுற்றுப்புறம். பஞ்சரே இல்லாமல் ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்று இறங்கினால் அந்த வீலைச் சந்தேகப்பட வேண்டும். சோப்பு நீர் ஊற்றினால் குமிழி வரும் இடம் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. அந்தக் கால ரயில்வே பட்டறைகளில் இரும்புப் பாகத்தின்மீது எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் தூளைப் பூசி வைப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடு போடும். இன்று அதே தத்துவத்தில் மூன்று ஸ்பிரே டப்பாக்கள் வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கின்றன: சுத்தம் செய்ய ஒன்று, சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு. உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். தேய்க்கும்போது மெதுவான அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும்.

சோதனையில் வீல் தேறிவிட்டால் மற்றது கைவேலை. முதலில் ஷாம்பூ நீரில் கழுவ வேண்டும். குளியலறை ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் அலுமினியத்தை அரித்துவிடும். பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. பழைய பூச்சை எடுக்கும் பெயின்ட் ரிமூவரும் அலுமினியத்துக்கு ஏற்றதுதானா என்று டப்பாவைப் படித்து வாங்க வேண்டும். விளிம்புக் காயங்களை 120ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து, 240, 400 என்று வாட்டர் பேப்பரில் இழைக்க வேண்டும். மேலோட்டமான கீறலுக்குப் பட்டி போடலாம். துண்டு பெயர்ந்த இடத்துக்குப் பட்டி மருந்தல்ல.

தேய்த்த அலுமினியத்தின்மீது காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. சாதாரண பெயின்ட் அதன்மேல் சரியாகப் பிடிக்காமல் தகடு தகடாக உரிவதற்கு இதுவே காரணம். எனவே, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் ப்ரைமரை, தேய்த்துத் துடைத்த அன்றே மெல்லியதாக அடிக்க வேண்டும். அதன்மேல் சாதாரண ப்ரைமர், மூன்று மெல்லிய பூச்சு வெள்ளி நிறம், கடைசியில் இரண்டு பூச்சு கிளியர் லாக்கர். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும்.

டயரில் பெயின்ட் படாமலிருக்க, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயருக்கும் விளிம்புக்கும் இடையில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வரிசையாகச் செருகலாம். செலவில்லாத மறைப்பு.

பெயின்ட் படவே கூடாத இடங்களும் உண்டு. வீலின் பின்புறம் அச்சோடு ஒட்டி உட்காரும் பரப்பு, நட்டுகள் அமரும் கூம்புக் குழிகள். இங்கே பூச்சு இருந்தால் ஓட ஓட அது நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும். வேகமாகப் போகும் காரில் இது விபத்துக்கு வழி. வேலை முடிந்து மாட்டிய பிறகு கார் கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டுகளை இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். பட்டியும் பெயின்டும் எடையை மாற்றியிருக்கும் என்பதால் வீல் பேலன்சிங்கும் அவசியம்.

பருவமும் பார்க்க வேண்டும். கொச்சியின் அடைமழையில் அடித்தால் ஈரம் லாக்கரை வெளுக்கவைக்கும். டெல்லியின் ஜனவரிக் குளிரில் பூச்சு சரியாக இறுகாது. மே மாத வெயிலில் சூடேறிய வீலில் பெயின்ட் உட்காருவதற்குள் உலர்ந்து சொரசொரப்பாகிவிடும். எந்த ஊரானாலும் உலர்ந்த நாளின் காலை நேர நிழலே நல்லது. முகமூடி வேண்டும், காற்றோட்டம் வேண்டும், அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் ஹார்டனர் ரகங்களில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு ஆபத்து. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

லேத்தில் கடைந்து பளபளப்பேற்றிய டைமண்ட் கட் வீல் வைத்திருப்பவர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: அந்த மினுமினுப்பு ஸ்பிரே டப்பாவில் வராது. முழுவதும் ஒரே நிறமாக மாற்றலாம், அல்லது லேத்துக்கு அனுப்பலாம். ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் குறைகிறது என்பதால் அதற்கும் எல்லை உண்டு.

சோதனையில் விரிசல் தெரிந்துவிட்டால்? அந்த வீலின் கதை முடிந்தது. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதுதான் முறை. உருக்கினால் நல்ல அலுமினியம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கு சக்திதான் செலவாகும். போடுவதற்கு முன் ஆக்சா பிளேடால் விளிம்பைக் குறுக்கே அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே வீல் வெள்ளி நிறம் பூசிக்கொண்டு வேறு யாருடைய காரிலாவது, ஒரு குடும்பத்தைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடும்.